கோட்டைச்சாமியின் குழாய்

மைக் செட்டுக்காரன் கோட்டைச்சாமி செத்த பிறகு அவனுடைய கூம்புக் குழாய் பொய்யைச் சத்தமாகச் சொல்ல மறுத்துவிட்டது. உப்போடைப்பட்டிக்காரர்கள் இதைக் கண்டுகொண்டது ஒரு காதுகுத்து வீட்டில், இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில். தாய்மாமன்காரன் மைக்கை வாங்கி, மருமகனுக்குக் காதுகுத்து என்று கேட்டதும் போட்டது போட்டபடி ஆசை ஆசையாய் ஓடிவந்ததாகச் சொன்னான். வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வேப்பமரத்து உச்சியில் கட்டியிருந்த குழாயிலிருந்து ஒரு மூச்சுகூட வரவில்லை. செட்டு மக்கர் பண்ணுது என்று அவன் மைக்கைக் கீழே வைக்க, அந்தப் பக்கமாக வந்த சமையல்காரர் யாரிடமோ சோறு இன்னும் வேகவில்லை என்று முணுமுணுக்க, அந்த முணுமுணுப்பு அடுத்த ஊர்வரைக்கும் கேட்டது. இரண்டாம் பந்திக்கு எழுந்தவர்கள் அப்படியே திரும்ப உட்கார்ந்தார்கள். தாய்மாமனுக்கு எரிச்சல் வந்து, "பொண்டாட்டி வஞ்ச வசவுக்குத்தான் வந்தேன், இல்லன்னா யாரு வருவா இந்த வெயில்ல" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டான். அதையும் குழாய் கணீரென்று எடுத்துச் சொன்னது.

ஏன், எப்படி என்று கேட்டால் ஊருக்கு அதெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இருக்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து வந்த மெக்கானிக் பெட்டியைப் பிரித்து, வயரையெல்லாம் உருவி மாட்டி, மைக்கில் "செட்ல ஒரு கோளாறும் இல்ல" என்றார். அது நன்றாகவே கேட்டது. அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது.

கோட்டைச்சாமிக்குப் பிறகு செட்டை ஓட்டியது அவன் பெண்சாதி சீனித்தாய். அன்றைக்கு அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைப் பிடித்தபடி, இது அவுக வேலைதான், அவுகளுக்குப் பொய் சொன்னா ஆகாது என்று நினைத்தாள், நினைத்த உடனேயே அடுத்த நினைப்பும் வந்துவிட்டது. அந்த அடுத்த நினைப்புதான் இந்தக் கதை.

கோட்டைச்சாமி செத்தது போன வருசம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில். வடக்குவாச்செல்வி அம்மனுக்குச் செவ்வாய்க்கிழமை கொடை. திங்கட்கிழமை பொழுது சாய்கிற நேரம், தூறல் விழுந்துகொண்டிருக்க, கோயில் முன்னாலிருந்த கம்பத்தில் காற்றுக்குத் திரும்பிக்கொண்ட குழாயைச் சரிபண்ண ஏறினான். சீரியல் லைட்டுக்காகக் கமிட்டித் தலைவர் தங்கப்பழம் யாருக்கும் சொல்லாமல் மெயின் லைனில் கொக்கி போட்டு இழுத்திருந்த கம்பி அந்தக் கம்பத்தை உரசிக்கொண்டு போனது. கரண்டு அடித்துக் கோட்டைச்சாமி விழுந்தபோது பக்கத்தில் நின்றது தங்கப்பழம் ஒருவர்தான். அவர் தலையில் அடித்துக்கொண்டு, பயல் குடித்துவிட்டு வந்திருந்தான், ஏறாதே ஏறாதே என்று காலைப் பிடித்து இழுத்தேன், கேட்கவில்லை என்று ஊர்கூட்டி அழுதார். ஊருக்குள் சவம் கிடந்தால் கோயில் நடை திறக்கக்கூடாது. காப்புக் கட்டியாயிற்று, கொடைக்கு வந்த விருந்தாளிகள் வீடு வீடாக நிறைந்து கிடக்கிறார்கள், ஆஸ்பத்திரி, போலீஸ் என்று போனால் கொடை நின்றுபோகும். ஊர் அவசர அவசரமாக அவனைக் கொண்டுபோய் எரித்தது. சீனித்தாய் ஒப்பாரி வைத்து முடிக்கக்கூட விடவில்லை. மறுநாள் மத்தியான உச்சிக்கொடை வேறு ஊர் மைக் செட்டோடு ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

அவன் செத்த திங்கட்கிழமை மத்தியானம் வீட்டில் சண்டை. ஓடு ஒழுகுது, அதை மாத்தாம கோயிலுக்குக் குழாய் கட்டப் போறீகளா என்று இவள் ஆரம்பிக்க, அவன் ஒன்று சொல்ல, இவள் ஒன்பது சொல்ல, கடைசியில், "போங்க, போய்த் தொலைங்க" என்றுவிட்டாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டுச் சாப்பிடாமலேயே எழுந்து போனான். அப்போது மணி ஒன்று. அவன் கம்பத்தில் ஏறியது ஆறு மணிக்கு. நடுவில் ஐந்து மணி நேரம் அவன் எங்கே இருந்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் குடித்துக்கொண்டிருந்தவன்தான். மகள் கனி பிறந்த அன்றைக்கு அம்மன் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிக் குடியை விட்டவன், ஒன்பது வருசம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதவன். ஆனால் பிராந்திக் கடை இருப்பது கோயிலுக்குப் போகிற வழியில்தானே. இவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்காக அவன் அந்தக் கடையில் ஏறியிருந்தால், அவனைக் கொன்றது கரண்டா, இவளா? இதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கனியைக் குடிகாரன் மக என்று கூப்பிட, அவள் அழுதுகொண்டு வந்து, "யம்மா, அப்பா அன்னைக்குக் குடிச்சாகளா?" என்று கேட்பாள். சீனித்தாய், "போய்ச் சாப்பிடுட்டி" என்பாள். ஒரு வருசமாக அந்தக் கேள்விக்கு அவள் வீட்டில் அதுதான் பதில்.

அதற்குள் ஊர் அந்தக் குழாயோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, உப்போடைப்பட்டிக்காரர்கள் எதையும் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள். முதல் மாதம் பயந்தார்கள், இரண்டாம் மாதம் சிரித்தார்கள், மூன்றாம் மாதம் கோட்டை சவுண்ட் சர்வீஸ் இல்லாமல் ஒரு விசேசமும் நடக்காது என்றாகிவிட்டது. ஆடு காணாமல் போனால் சூடம் அணைக்கிற வழக்கம் போய், குழாய் முன்னால் வந்து சொல்லு என்கிற வழக்கம் வந்தது. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் கைநனைக்கும் முன்னால் மைக்கில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகவேண்டும்; கவர்மெண்ட் வேலை என்று சொல்லி வாயசைத்த மாப்பிள்ளைகள் பலகாரத்தைத் தொடாமலேயே வண்டி ஏறினார்கள், எனக்கு வேலை கிடையாது ஆனால் பொண்ணைப் பிடிச்சிருக்கு என்று குழாய் அதிரச் சொன்ன ஒருவனுக்கு உடனே நிச்சயம் பண்ணினார்கள். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவர் முக்கால் மணி நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நடுவில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயில் தாங்கல" என்றது மட்டும் கேட்டது. சனங்கள் கைதட்டினார்கள், உள்ளதைச் சொல்கிற மனுசன் என்று பாதிப் பேர் அவருக்கே ஓட்டும் போட்டார்கள். பாட்டு மட்டும் எப்போதும்போலப் பாடியது. பாட்டை நம்பி யாரும் ஏமாறுவதில்லை என்று குழாய்க்குத் தெரிந்திருக்கும்போல.

பேசுகிறவர் மனசறிந்து சொல்கிற பொய்யைத்தான் குழாய் பிடிக்கிறது என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். அப்படியில்லை என்று தெரிந்தது ஒரு வளைகாப்பில். மாரக்காள் என்கிற பொம்பளை, மனசில் ஒரு களங்கமும் இல்லாமல், என் மகன் திருப்பூரில் நல்லா இருக்கான் என்று மைக்கில் சொன்னாள். சத்தம் வரவில்லை. அவள் இன்னொரு தடவை சொன்னாள். வரவில்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் போன் போட்டுப் பார்த்தால், பயல் காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் ரூமில் தனியாகக் கிடக்கிறான்; அன்றைக்கே ஆள் போய்த் தூக்கிவந்து பிழைக்க வைத்தார்கள். மாரக்காள் வேப்பமரத்துக்கு மஞ்சள் பூசி, குழாய்க்கு மாலை போட்டாள். அன்றிலிருந்து சீனித்தாய்க்குத் தூக்கம் போயிற்று. குழாய்க்கு ஆளின் மனசு கணக்கில்லை, நடந்தது எதுவோ அதுதான் கணக்கு. அப்படியென்றால் தனக்குத் தெரியாததும் அதற்குத் தெரியும்.

இத்தனைக்கும் அந்த மைக்கில் ஊரே பேசிவிட்டது, அவள் ஒருத்திதான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. செட்டைச் சோதித்துப் பார்க்க மற்றவர்கள் ஒண்ணு ரெண்டு மூணு என்பார்கள். இவள் விரலால் மைக்கைத் தட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான். குழாயைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து துணியால் துடைக்கும்போது தகரம் அவன் முதுகுபோல வெதுவெதுப்பாக இருக்கும். அப்போதுகூட வாயைத் திறக்க மாட்டாள்.

குழாய்ப் பக்கம் வராத இன்னொரு ஆள் தங்கப்பழம் அண்ணாச்சி. விசேச வீட்டில் மைக்கை நீட்டினால் போதும், அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கையால் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு நழுவிவிடுவார். ஊர் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தது, கொக்கி விசயமும் அரசல்புரசலாகக் காதில் விழுந்தது, ஆனால் யாரும் கிளறவில்லை. அவசரமாக எரித்ததில் ஊருக்கும் பங்கிருந்தது.

மறுவருசக் கொடைக்கு நாள் குறித்தபோது தங்கப்பழம் டவுனிலிருந்து பெரிய பாக்ஸ் செட்டு இறக்கப் போவதாகச் சொன்னார். பிறகு மாரக்காள் எழுந்து, நம்ம ஊரு குழாய் இருக்க வெளியூர்ச் செட்டு எதுக்கு அண்ணாச்சி, ஏன் இது வேண்டாம்கிறீக என்று ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். எல்லாரும் தங்கப்பழம் முகத்தையே பார்த்தார்கள். மாட்டேன் என்றால் என்ன அர்த்தமாகும் என்று அவருக்குத் தெரியாதா? "நான் எங்கம்மா வேண்டாம்னேன், நம்ம கோட்டைச்சாமி செட்டேதான்" என்று சிரித்தார். முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து அவர் தன் பம்புசெட்டு ரூமில் உட்கார்ந்து, உண்மையை மட்டும் வைத்துப் பேச்சு ஒன்று தயார்பண்ணி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

சீனித்தாய் இந்த நாளுக்காகத்தான் ஒரு வருசம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். உச்சிக்கொடையில் கமிட்டித் தலைவர் மைக்கில் பேசியாகவேண்டும், தப்பிக்க முடியாது. பேசும்போது ஊர் முன்னால் நின்று கேட்டுவிடவேண்டும், ஏன் அண்ணாச்சி எங்க வீட்டுக்காரரக் கொன்னீக என்று. அந்த மனுசனின் நாக்கு சத்தமில்லாமல் துடிப்பதைச் சனம் பார்க்கவேண்டும். இதை நினைத்தே அவள் சோறு தின்றாள், வயர் சுருட்டினாள், மரம் ஏறினாள். அவளோடு வேலைக்கு வருகிற நாத்தனார் முப்பிடாதிதான் திங்கட்கிழமை காலையில் குழாய் கட்டும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

"அண்ணாச்சி வாயப் புடுங்குறதுக்கு எதுக்கு மதினி காத்துக் கெடக்கணும்? மைக்கு ஒன் கையிலதான இருக்கு. எங்கண்ணன் குடிக்கலன்னு நீ ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சு போச்சே."

சீனித்தாய் முடிச்சைப் போட்டாள், அவிழ்த்தாள், திரும்பப் போட்டாள்.

"சத்தம் வரலன்னா?" என்றாள்.

முப்பிடாதி கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளும் தங்கச்சிதானே, அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுது. வெயில் கரிசல் மண்ணைப் பிளந்துகொண்டிருக்க, பொங்கல் பானைகள் வரிசையாகக் கொதித்துக்கொண்டிருக்க, மேளக்காரர்கள் நையாண்டி மேளத்தை அடித்து நிறுத்திய இடத்தில் தங்கப்பழம் மைக்கைப் பிடித்தார். "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றார். குழாய் அதிர்ந்தது. "அம்மனுக்கு மூணு கெடா, நாப்பத்தோரு பானை பொங்கல்" என்றார். அதுவும் அதிர்ந்தது. "வெளியூர்லருந்து நெறயப் பேர் வந்திருக்கீக." அதிர்ந்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது; அட, மனுசன் சத்தியவான்தான் போல, நாமதான் என்னென்னமோ நினைத்துவிட்டோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கப்பழத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. மனப்பாடம் பண்ணியதன் கடைசிப் பகுதிக்கு வந்தார்.

"போன வருசம் இதே எடத்துல கோட்டைச்சாமி தவறிப்போனான்" என்றார். குழாய் அதைச் சொன்னது. "நல்ல பய. அவன நெனச்சு நான் தூங்காத நாள் உண்டு." ஐயோ, அதையும் சொன்னது, அட்சரம் பிசகாமல், உரக்க, ஏனென்றால் அது உண்மைதான், அந்த மனுசன் நிஜமாகவே தூங்கவில்லை. பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். யாரோ கைதட்ட, கூட்டமே கைதட்ட, பூசாரி பரிவட்டத்தை எடுத்துக்கொண்டு முதல் மரியாதைக்கு அவரை நோக்கி வந்தார்.

சீனித்தாய் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டாள். அவள் புருசனின் குழாய், அவள் துடைத்து வைத்த குழாய், அவனைக் கொன்றவனுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருசமாகச் சேர்த்து வைத்த பழி கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இனி யார் என்ன கேட்டாலும், குழாயிலேயே பேசினாரே என்று ஊர் சொல்லிவிடும். அந்தப் பக்கம் பொங்கல் பானைகளுக்கு நடுவில் கனி நின்றுகொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். கேள்வி கேட்கிற பார்வை அது. போய்ச் சாப்பிடுட்டி என்று சொல்ல அது வீடு இல்லை.

எப்போது எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று பிறகு கேட்டபோது அவளுக்கே நினைவில்லை. தங்கப்பழத்தின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். பறிக்கவில்லை, வாங்கினாள், ஆனால் வாங்கிய வேகத்தில் அவர் இரண்டடி பின்னால் போனார். பூசாரி நின்றார். விரலால் ஒரு தட்டுத் தட்டினாள், பழக்கம். முதலில் வரவேண்டியது எதுவோ அது வந்தது.

"அன்னைக்கு மத்தியானம் சண்ட போட்டு, போய்த் தொலைங்கன்னு சொன்னது நாந்தான். அவுக சாப்பிடாமப் போனாக."

குழாய் ஒரு இரக்கமும் காட்டாமல் அதை நாலு திசைக்கும் சொன்னது. ஒரு வருசமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை ஓடைக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவன்கூடக் கேட்டுவிட்டான். சொன்ன பிறகு அவளால் மூச்சு விட முடிந்தது, இதற்குமேல் போக என்ன இருக்கிறது என்று ஒரு துணிச்சலும் வந்தது. கனியைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொள்ளாமல், அவளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏட்டி கனி, ஒங்கப்பா அன்னைக்குக் குடிக்கல."

சத்தம் வரவில்லை.

ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியில் சீனித்தாய் ஒரு தடவை செத்தாள். அதன் பிறகு குழாய் மூச்சை உள்ளே இழுப்பது எல்லாருக்கும் கேட்டது, ஆமாம், நாற்பத்தொரு பானைக்காரிகளும் சத்தியம் பண்ணுவார்கள், ஆழமாக, அடிவயிறு வரைக்கும் இழுத்தது. இழுத்துவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னது பாருங்கள், பானைகளிலெல்லாம் பொங்கல் ஒரே நேரத்தில் பொங்கி வழிந்தது, கோயில் மணிகள் தொடாமலே ரீங்கரித்தன, கண்மாய்க் கரையிலிருந்த கொக்குகள் மொத்தமும் எழும்பின, ஏழு ஊர்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று, யாருப்பா அது குடிக்காதது என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். ஒங்கப்பா குடிக்கல, குடிக்கல, குடிக்கல என்று அது சீனித்தாயின் குரலில்தான் சொன்னது. அடியில் ஒரு ஆண் குரலும் சேர்ந்து கேட்டது என்று முப்பிடாதி இன்றைக்கும் சொல்வாள்.

தங்கப்பழம் சும்மா இருந்திருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் பதறியவன் சும்மா இருப்பானா? மைக்கைப் பிடுங்கினார். குடிச்சிருந்தான் என்றார். வாய் மட்டும் அசைந்தது. நான் தடுத்தேன் என்றார், காலைப் பிடித்து இழுத்தேன் என்றார், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார், நெற்றி நரம்பு தெறிக்கக் கத்தினார். இரண்டடி தூரத்தில் நின்ற பூசாரிக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் குழாய் இப்போது மைக்கின் சத்தத்தை மட்டுமில்லாமல் அவர் தொண்டைச் சத்தத்தையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தது. சனம் சிரிக்கவில்லை. ஆயிரம் பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சீனித்தாய் ஆசைப்பட்டது இதைத்தான். ஆசைப்பட்டது கண்முன்னால் நடக்கும்போது அவள் அதைக் கண்ணிமைக்காமல், நிதானமாக, கடைசிச் சொட்டுவரை பார்த்தாள். அது தப்பென்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

பேசிப் பேசி மாய்ந்து, கடைசியில் தங்கப்பழம் மண்ணில் உட்கார்ந்தார். வெறும் மூச்சோடு, தனக்கே சொல்கிறவர்போலச் சொன்னார்:

"லைன் ஆஃப்ல இருக்குன்னு அவங்கிட்ட நாந்தான் சொன்னேன். கரண்டு ஓடிட்டிருந்தது எனக்குத் தெரியும். ஆஃப் பண்ணா கொக்கி போட்டது வெளிய தெரிஞ்சிரும்னு பயந்தேன்."

அந்த மூச்சைக் குழாய் எடுத்து ஏழு ஊருக்கும் கொடுத்தது.

அதற்குப் பிறகு சனத்திலிருந்து முதலில் நகர்ந்தது கனியைக் குடிகாரன் மக என்று கூப்பிட்ட பிள்ளைகளின் தாய்மார்கள். ஒருத்தி பின் ஒருத்தியாகப் பானையை விட்டுவிட்டு வந்து, கனியின் தலையைத் தொட்டுவிட்டுப் போய்ச் சீனித்தாய்க்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். ஆம்பளைகள் அவசரமாகப் பாடை கட்டிய தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பூசாரி கையிலிருந்த பரிவட்டத்தை என்ன செய்வதென்று ஒரு நிமிசம் யோசித்தார். பிறகு ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, இந்த வருசமும் லைட்டுக்காக மெயின் லைனில் மாட்டியிருந்த கொக்கியை முதலில் அறுத்தெறிய வைத்து, தானே மேலே ஏறிப் பரிவட்டத்தைக் குழாயின் கழுத்தில் கட்டி, திருநீறு பூசினார். முதல் மரியாதை கோட்டைச்சாமிக்கு என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. குலவைச் சத்தம் எழும்பியது பாருங்கள், மேளக்காரர்கள் அதற்குமேல் அடிக்கக் கூச்சப்பட்டார்கள்.

தங்கப்பழம் எழுந்து தன் கையிலிருந்த காப்பை அவிழ்த்து அம்மன் வாசலில் வைத்துவிட்டு, சனம் விட்ட வழியில் நடந்து, யார் கையும் பிடிக்காமல் ரோட்டுக்குப் போய்ப் போலீஸ் ஸ்டேசனுக்குப் பஸ் ஏறினார்.

உச்சிக்கொடைக்கு நேரமாகிவிட்டது, மைக்கைக் குடு தாயி, பூசையை ஆரம்பிப்போம் என்று பூசாரி கையை நீட்டினார். சீனித்தாய் கொடுக்கவில்லை. ஒரு வருசமாக மூடிக் கிடந்த வாய். இப்போது அது திறந்துவிட்டது, மூட வரவில்லை. அவுகளுக்கு நீச்சல் தெரியாது என்றாள். குழாய் சொன்னது. எந்த மரத்தையும் கண்ணை மூடிட்டு ஏறுவாக, ஆனா கிணத்தப் பாத்தா பயம். சொன்னது. கனி பிறந்தன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல குழாயக் கட்டிப் பாட்டுப் போட்டு வசவு வாங்குனாக. சொன்னது, சனம் சிரித்தது. சாம்பாருல முருங்கைக்காய் இருந்தா எனக்கு ரெண்டு துண்டு ஒதுக்கி வப்பாக. சொன்னது. அவுகள எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை அது எப்படிச் சொன்னது என்று கேட்டவர்களிடம்தான் கேட்கவேண்டும். கனி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, யம்மா, இன்னும் சொல்லு என்றாள். பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார், அவரைப் பார்த்து மேளக்காரர்கள் உட்கார்ந்தார்கள், மேளக்காரர்களைப் பார்த்து ஊர் உட்கார்ந்தது, வெயிலை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அந்த வருசம் உப்போடைப்பட்டியில் உச்சிக்கொடை சாயங்காலம் நாலு மணிக்குத்தான் நடந்தது, அம்மன் அதற்காக ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.